பம்பிங் நார்மல்னு ரிப்போர்ட் சொல்லுது, அப்புறம் ஏன் அம்மாவுக்கு மூச்சு வாங்குது?

திருமங்கலத்துல இருந்து ஒரு வாசகி எழுதியிருக்காங்க. பேர் வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க, மத்த வெவரத்தையும் அடையாளம் தெரியாத மாதிரி கொஞ்சம் மாத்திருக்கேன். லெட்டர் நீளமா இருந்ததால சுருக்கித் தர்றேன்.

அம்மாவுக்கு 63 வயசு, உசிலம்பட்டி பக்கம் கிராமத்துல தனியா இருக்காங்க. பி.பி. வந்து 12 வருஷம், சுகர் 7 வருஷம். தை மாசத்துல இருந்தே நடந்தா இளைக்குது, திருப்பரங்குன்றம் கோயில்ல படி ஏறும்போது பாதியிலேயே உக்காந்துட்டாங்களாம். ராத்திரி படுத்தா கொஞ்ச நேரத்துல இருமல் வந்து எந்திரிச்சுக்கிறாங்க, இப்போ ரெண்டு மூணு தலகாணி அடுக்கித்தான் தூங்குறாங்க, சாயங்காலமானா கால் வீங்குது. மதுரையில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில எக்கோ, அதாவது இதயத்துக்கு எடுக்குற ஸ்கேன், எடுத்ததுல பம்பிங், அதாவது இ.எஃப்., 62 சதவீதம். கூடவே இடது கீழறை சுவர் தடிச்சிருக்கு, கிரேடு 2 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன், இடது மேலறை கொஞ்சம் பெருசுன்னும் எழுதியிருக்கு. நீர் மாத்திரை ஒண்ணு எழுதிக் குடுத்து, ஆஞ்சியோவும் பாத்துக்கலாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

வீட்டுல ஆளுக்கொரு பேச்சு. தாய்மாமன், "62தான் வேலை செய்யுது, 38 போயிருச்சு"ன்னு சொல்லி எல்லாரையும் அழ வச்சுட்டாரு. திருப்பூர்ல இருக்குற அண்ணன் நெட்ல தேடிப் பாத்துட்டு, 55க்கு மேல இருந்தா நார்மல்தான், இது வெறும் வாயுத் தொல்லைன்னு ஓமவாட்டர் வாங்கி அனுப்பியிருக்காரு. அம்மா நீர் மாத்திரைய பஸ் ஏறுற அன்னைக்கெல்லாம் விட்டுர்றாங்க, மூட்டு வலிக்கு மெடிக்கல்ல சொல்லி வாங்குற மாத்திரைய மட்டும் ஒரு நாளும் விடுறதில்ல. வாசகி கேக்குறது இதுதான்: யார் சொல்றது சரி? பல்ஸ் 96 இருக்கே, வேகமா துடிச்சா ரத்தம் கூடத்தானே போகணும், ஏன் களைப்பு? தண்ணி நிறைய குடிக்கலாமா? நடக்க விடலாமா? சித்திரைத் திருவிழாவுல அழகர் ஆத்துல இறங்குறதப் பாக்க கூட்டிட்டுப் போகலாமா? ஆஞ்சியோ எடுத்துத்தான் ஆகணுமா?

பாருங்கம்மா, மாமா சொன்னதும் சரியில்ல, அண்ணன் சொன்னதும் சரியில்ல. ஆளை நேர்ல பாக்காம நான் முடிவா ஒண்ணும் சொல்ல முடியாது, ஆனா நீங்க எழுதியிருக்குற அறிகுறியும் நீங்க அனுப்புன ரிப்போர்ட்டும் ஒண்ணுக்கொண்ணு அச்சு அசலா பொருந்துது. இதயம் இறுக்கிப் பிழியுறது நல்லாத்தான் இருக்கு, தளர்ந்து நிரம்புறதுலதான் கோளாறு, ரிப்போர்ட்டுல டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்னு போட்டிருக்குறது இதைத்தான். இதுவும் ஹார்ட் ஃபெயிலியர்லயே ஒரு வகைதான். அந்தப் பேரைக் கேட்டு பயந்துராதீங்க, இதயம் நின்னு போச்சுன்னு அதுக்கு அர்த்தம் கிடையாது. கவனமா பாத்துக்கிட்டா வருஷக்கணக்கா நல்லா இருக்கலாம், அலட்சியமா விட்டா அடிக்கடி ஆஸ்பத்திரி வாசலுக்கு வர வேண்டியிருக்கும்.

62னா 38 செத்துப்போச்சுன்னு இல்ல

இதயத்தோட இடது கீழறை ஒரு துடிப்புல முழுசா காலியாகவே ஆகாது, யாருக்குமே ஆகாது. சராசரி உடம்புள்ள ஒரு ஆளுக்கு அது நிரம்பி இருக்கும்போது சுமார் 120 மில்லி ரத்தம் இருக்கும், ஒரு தடவை இறுக்குனா அதுல 70 மில்லி வெளிய போகும், 50 மில்லி உள்ளயே தங்கும். 120க்கு 70னா 58 சதவீதம். அவ்வளவுதான் இ.எஃப்.ங்கிறது. ஓட்டப்பந்தய வீரருக்கு எடுத்தாலும் 100 வராது. அதனால மாமாகிட்ட சொல்லிருங்க, அம்மாவோட 62 நல்ல நம்பர்தான், எதுவும் செத்துப்போகல.

அண்ணனுக்கு இதுக்கு அடுத்த பாடம். இ.எஃப்.ங்கிறது ஒரு விகிதம் மட்டும்தான், எவ்வளவு ரத்தம் போகுதுங்கிற கணக்கு அதுல கிடையாது. நிமிஷத்துக்கு எவ்வளவு ரத்தம் போகுதுன்னு பாக்கணும்னா ஒரு துடிப்புக்கு வெளிய போற அளவை ஒரு நிமிஷத் துடிப்பால பெருக்கணும். 70 மில்லி, பல்ஸ் 72, பெருக்குனா சுமார் 5 லிட்டர். நம்ம உடம்புல மொத்த ரத்தமே கிட்டத்தட்ட 5 லிட்டர்தான், அதாவது சும்மா உக்காந்திருக்கும்போதே மொத்த ரத்தத்தையும் நிமிஷத்துக்கு ஒரு தடவை சுத்தி விட்டுருது. இப்போ அம்மா ரிப்போர்ட்டுக்கு வாங்க. நடுவுல எல்.வி. இ.டி.வி.ன்னு ஒரு வரி இருக்கு பாருங்க, அதுல 78 மில்லின்னு போட்டிருக்கு. அதான் நிரம்பின அளவு. அதுல 62 சதவீதம்னா 48 மில்லி, பல்ஸ் 96ஆல பெருக்குனா நாலரை லிட்டர் சொச்சம் வருது. உக்காந்து காய்கறி நறுக்க இது தாராளம். அதான் வீட்டுக்குள்ள இருக்குறப்போ அம்மாவுக்கு ஒண்ணும் தெரியல.

படி ஏறும்போது உடம்பு இதுல ரெண்டு மடங்கு, மூணு மடங்கு கேக்கும். நல்ல இதயம் அப்போ கூட கொஞ்சம் விரிஞ்சு, கூட நிரம்பி, கூட இறுக்கி அனுப்பும், துடிப்பையும் ஏத்தும். அம்மாவுக்கு துடிப்பு மட்டும் ஏறுது, நிரம்புறது கூட மாட்டேங்குது, அதான் நடுப்படியில உக்காந்துட்டாங்க.

இன்னொரு பக்கமும் சொல்லிர்றேன். இதயம் வீங்கிப் பெருசாகி 200 மில்லி நிரம்புற ஒரு ஆளுக்கு இ.எஃப். 35தான்னு வச்சுக்கோங்க, ஆனா 200ல 35 சதவீதம்னா அதே 70 மில்லி. ரிப்போர்ட்டுல நம்பர் படுமோசம், உக்காந்திருக்கும்போது வெளிய போற ரத்தம் நார்மல். அதுக்காக அவர் இதயம் நல்லா இருக்குன்னு அர்த்தமில்ல, ஒத்த நம்பரை வச்சு இதயத்தை அளக்க முடியாதுன்னுதான் சொல்ல வர்றேன். 78 மில்லிங்கிறதும் அம்மா உயரத்துக்குக் குறைன்னு நான் சொல்லல, குள்ளமான பொம்பளைங்களுக்கு அந்த அளவு சகஜம். அந்த 78ஐ நிரப்ப எவ்வளவு பிரஷர் தேவைப்படுதுங்கிறதுலதான் வியாதியே இருக்கு.

நிரம்புறதும் ஒரு வேலைதான்

உங்க அம்மாவுக்கு இதை நீங்கதான் சொல்லிப் புரிய வைக்கணும், அதனால அவங்களுக்குத் தெரிஞ்ச ஒண்ண வச்சு சொல்லுங்க. அந்தக் காலத்துல கமலை எறைச்சதை, அதான் மாடு கட்டி சால்ங்கிற பெரிய வாளியால கிணத்துத் தண்ணி எறைச்சதை, அவங்க பாத்திருப்பாங்க. மாடு எவ்வளவு நல்ல மாடா இருந்தாலும் கிணத்துக்குள்ள சால் முழுசா முங்கி நிரம்பலன்னா வாய்க்காலுக்கு வர்ற தண்ணி கம்மிதான், மாட்டை அடிச்சு வெரசா ஓட்டுனா சால் அரைகுறையா நிரம்பி இன்னும் மோசமாகும். பல்ஸ் 96 பத்தி நீங்க கேட்டதுக்கும் இதுலயே பதில் இருக்கு. பல்ஸ் 72ஆ இருந்தா ஒரு துடிப்புக்கு 0.8 செகண்டு சொச்சம் கிடைக்கும், அதுல 0.3 இறுக்குறதுக்கு, மிச்சம் அரை செகண்டு நிரம்புறதுக்கு. பல்ஸ் 120 ஆச்சுன்னா மொத்தமே அரை செகண்டுதான். இறுக்குற நேரம் கொஞ்சம்தான் குறையும், நிரம்புற நேரம் பாதியாயிரும். தளர்வா இருக்குற இதயம் அந்தக் கால் செகண்டுலயும் நிரம்பிக்கும், இறுகிப்போன இதயத்தால முடியாது. வேகம் கூடுனா ரத்தம் கூடும்ங்கிறது ஒரு எல்லை வரைக்கும்தான், அம்மாவுக்கு அந்த எல்லை சீக்கிரமே வந்துருது.

இறுகிப்போனது எதனாலன்னு கேப்பீங்க. 12 வருஷ பி.பி.யாலதான் பெரும்பாலும். வெளிய ரத்தக்குழாய்ல பிரஷர் கூட இருந்தா ஒவ்வொரு துடிப்புலயும் இதயம் அதை எதிர்த்துத் தள்ளணும், தள்ளித் தள்ளி சுவர் தடிச்சுப் போகும், தடிச்ச சதை லேசுல தளராது. வயசு, சுகர், உடல் பருமன் இதெல்லாமும் சேந்துக்கும். இந்த வகை ஆம்பளைங்களவிட வயசான பொம்பளைங்ககிட்டதான் கூட வருது. நிறைய பேர் வருஷக்கணக்கா வாயு, ஆஸ்துமா, வயசாயிருச்சுன்னு சொல்லியே தள்ளிட்டு வர்றாங்க, எனக்கு ஆத்தாமையா வரும்.

இதயம் தனக்கு எவ்வளவு வந்து நிரம்புதோ அதுக்குத் தக்கன இறுக்கும்ங்கிறது பழைய கண்டுபிடிப்பு. 1895ல ஜெர்மனியில ஓட்டோ ஃபிராங்க் தவளை இதயத்துல பாத்தாரு, 1914 வாக்குல லண்டன்ல எர்னஸ்ட் ஸ்டார்லிங் நாய் இதயத்துல காமிச்சாரு, ரெண்டு பேர் பேரையும் சேத்து ஃபிராங்க்-ஸ்டார்லிங் விதின்னு எங்களுக்கு முதல் வருஷமே பாடம். சதை நார் எவ்வளவு இழுபடுதோ, ஒரு அளவு வரைக்கும், அவ்வளவு பலமா சுருங்கும். இதுல எனக்கு இன்னமும் ஆச்சரியமா இருக்குறது என்னன்னா, வலது பக்க இதயமும் இடது பக்க இதயமும் ஒரே அளவு அனுப்பியாகணும். வலது பக்கம் ஒரு துடிப்புக்கு 1 மில்லி கூட அனுப்பிக்கிட்டே இருந்தா ஒரு மணி நேரத்துல 4 லிட்டர் நுரையீரல்ல போய்த் தேங்கிரும். அப்படி ஆகாமப் பாத்துக்கிறது இந்த விதிதான்: கூட வந்தா இடது பக்கம் கூட நிரம்பி, கூட இறுக்கி வெளிய தள்ளிருது.

அம்மாவுக்கு அந்த இடத்துலதான் தட்டுது. இடது கீழறை சுலபமா விரிய மாட்டேங்குறதால, அதை நிரப்ப மேலறை கூட பிரஷர் குடுக்க வேண்டியிருக்கு, அதான் மேலறை பெருசாயிருக்கு. மேலறைக்குப் பின்னாடி இருக்குறது நுரையீரல். மேலறை பிரஷர் சாதாரணமா, பி.பி. அளக்குற அதே பாதரச மில்லிமீட்டர் கணக்குல, 12க்குள்ள இருக்கும், அது 20, 25னு ஏறும்போது நுரையீரலோட மெல்லிசான ரத்தக்குழாய்ல இருந்து நீர் கசிய ஆரம்பிக்கும். நடக்கும்போது ஏறுது, மூச்சு வாங்குது. ராத்திரி படுத்தா, பகல் பூரா கால்ல தேங்கின நீரும் ரத்தமும் நெஞ்சுப் பக்கம் திரும்பி வருது, அப்பவும் ஏறுது, இருமல் வந்து எந்திரிச்சு உக்காந்தா இறங்குது. தலகாணி அடுக்கிப் படுத்தாத்தான் தூக்கம் வருதுன்னா அது வாயு இல்லம்மா. ஓமவாட்டர்ல கெடுதல் ஒண்ணும் இல்ல, ஆனா இதுக்கு அது மருந்தும் இல்ல.

அந்த மேலறை இன்னொரு வேலையும் செய்யுது. கீழறை நிரம்புறதுல கடைசிக் கொஞ்சத்தை மேலறை சுருங்கித்தான் உள்ள தள்ளும், சாதாரண ஆளுக்கு அது அஞ்சுல ஒரு பங்கு, இறுகின இதயத்துல இன்னும் கூட. மேலறை பெருசாகப் பெருசாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு ஒரு ஒழுங்கில்லாத துடிப்பு வர வாய்ப்பு கூடும். வந்தா அந்தத் தள்ளும் போயிரும், துடிப்பும் தாறுமாறா ஓடும், பக்கவாத ஆபத்தும் இருக்கு. அதனால 96ங்கிற பல்ஸ் ஒழுங்கா ஓடுதா தாறுமாறா ஓடுதான்னு ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. ரத்தசோகை, தைராய்டு ரெண்டும்கூட பல்ஸை ஏத்தும், அதையும் பாத்துரட்டும்.

தண்ணி, உப்பு, நீர் மாத்திரை

இதயத்துக்கு வராத ரத்தத்தை அது அனுப்ப முடியாது. உடம்பு ரத்தத்துல பாதிக்கு மேல எப்பவும் சிரைகள்ளதான் கெடக்கும், அது எவ்வளவு திரும்பி வருதுங்கிறதைப் பொறுத்துத்தான் எல்லாமே. உங்க அம்மா மாதிரி ஆளுக்கு இது கத்தி மேல நடக்குற சமாச்சாரம். நீர் கூடுனா நுரையீரல் நனையும், குறைஞ்சா இதயம் நிரம்பாம பி.பி. இறங்கி தலை சுத்தும். அதனால "கிட்னிக்கு நல்லது, அஞ்சு லிட்டர் குடி"ன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, பயந்துக்கிட்டு தண்ணியே குடிக்காம மதுரை வெயில்ல காயவும் விடாதீங்க. நீர் தேங்கியிருக்குறவங்களுக்கு பொதுவா காப்பி, மோர், ரசம் எல்லாம் சேத்து ஒண்ணரை லிட்டர்ல இருந்து ரெண்டு லிட்டர்ன்னு சொல்லுவோம், சித்திரை வைகாசி வெயில்ல அதை மாத்திக்க வேண்டி வரும், உங்க டாக்டர்கிட்ட அளவைக் கேட்டு ஒரு சொம்பு கணக்கு வச்சுக்கோங்க.

தண்ணியவிட உப்புதான் முக்கியம். உடம்புல தண்ணியப் பிடிச்சு வைக்கிறதே அதுதான். ஒரு நாளைக்கு மொத்தம் 5 கிராம், ஒரு டீஸ்பூன், சாப்பாட்டுல போடுறது எல்லாம் சேத்து. கருவாடு, ஊறுகாய், அப்பளம், வத்தல், மோர் மிளகாய் இதெல்லாம் உப்புலயே ஊறுனது. தனியா இருக்குற அம்மாக்கள் கஞ்சிக்கு ஊறுகாய வச்சுக்கிட்டே ஒரு நாளை ஓட்டிருவாங்க, அதை மெதுவா மாத்துங்க, துவையல் செஞ்சு குடுங்க. இந்துப்பு நல்லதுன்னு வாங்கிருந்தீங்கன்னா அதுவும் சோடியம் குளோரைடுதான், கணக்குல சேரும். லோ சோடியம் உப்புன்னு கடையில விக்கிறதுல பொட்டாசியம் இருக்கும், சுகர்காரங்களுக்கு கிட்னி எப்படி இருக்குன்னு தெரியாம, கேக்காம வாங்கிராதீங்க.

நீர் மாத்திரைய பஸ்ஸுக்காக விடுறாங்களே, அதுல அவங்க மேல தப்பே சொல்ல மாட்டேன். உசிலம்பட்டியில இருந்து மதுரைக்கு வர்ற வழியில பொம்பளைங்க எங்க போய் ஒதுங்குறது. விடுறதுக்குப் பதிலா நேரத்தை மாத்திக்க முடியுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க, போயிட்டு வந்து மதியத்துக்கு மேல போட்டுக்கலாம்னு பெரும்பாலும் சொல்லுவாரு. ராத்திரி லேட்டாப் போட்டா தூக்கம் கெடும், அது மட்டும் வேண்டாம்.

மூட்டு வலி மாத்திரை

லெட்டர்ல நீங்க ஒரே வரியில எழுதிட்டுப் போயிட்டீங்க, நான் பயந்தது அந்த வரியிலதான். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரை எல்லாம் உடம்புல உப்பையும் தண்ணியையும் பிடிச்சு வைக்கும், பி.பி.ய ஏத்தும், நீர் மாத்திரைய வேலை செய்ய விடாது, கிட்னியையும் கெடுக்கும். ஒரு கையால தண்ணிய எறைச்சுக்கிட்டு மறு கையால ஊத்துனா எப்படி. பேர் இல்லாம பொட்டலத்துல கட்டித் தர்றதுல ஸ்டீராய்டும் இருக்கலாம், பல மாசமா சாப்பிட்டிருந்தா அதை திடீர்னு நிறுத்தக் கூடாது, அதனால அட்டையையோ பொட்டலத்தையோ அப்படியே டாக்டர்கிட்ட காமிங்க. வலிக்கு அளவா பாரசிட்டமால், பிசியோதெரபி, மேல தடவுற மருந்துன்னு வேற வழி இருக்கு.

கால் வீக்கத்துக்கும் ஒரு வார்த்தை. பி.பி. மாத்திரை லிஸ்ட்ல அம்லோடிபின் 10ன்னு எழுதியிருக்கீங்க. அந்த மாத்திரையே சில பேருக்கு கணுக்கால வீங்க வைக்கும், அந்த வீக்கம் நீர் மாத்திரைக்கு லேசுல வத்தாது. வீக்கம் முழுக்க இதயத்தாலதான்னு முடிவு கட்டிராம, மாத்திரைய மாத்தணுமான்னு கேளுங்க. நீங்களா நிறுத்தாதீங்க, பி.பி. ஏறுனா இறுகின இதயத்துக்கு அதுதான் பெரிய அடி.

நல்ல சேதியும் ஒண்ணு உண்டு. இந்த வகை ஹார்ட் ஃபெயிலியருக்கு ரொம்ப காலமா உருப்படியா மருந்தே இல்லாம இருந்துச்சு. சுகருக்குன்னு வந்த எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் மாத்திரைங்க இதுல ஆஸ்பத்திரி சேர்க்கையக் குறைக்குதுன்னு 2021லயும் 2022லயும் வந்த பெரிய ஆய்வுகள் காட்டிருச்சு. இப்போ பல கம்பெனி போடுறதால விலையும் இறங்கிருக்கு. அம்மாவுக்கு சுகரும் இருக்குறதால இது பொருந்துமான்னு அவசியம் கேளுங்க. பிறப்புறுப்புல பூஞ்சைத் தொற்று வரலாம், அரிச்சா வெக்கப்படாம சொல்லச் சொல்லுங்க, வாந்தி பேதி வந்தாலோ சாப்பிடாம விரதம் இருந்தாலோ நிறுத்தி வைக்கிறதைப் பத்தியும் முன்கூட்டியே கேட்டு வச்சுக்கோங்க.

ஆஞ்சியோ, நடை, அழகர்

ஆஞ்சியோ எடுத்தா அடைப்பு தெரியும், ஸ்டென்ட் வச்சா அடைப்பு திறக்கும், தடிச்ச சுவர் அதனால தளர்ந்துராது. அதுக்காக தேவையே இல்லைன்னும் சொல்ல மாட்டேன், 63 வயசு, சுகர், பி.பி., அடைப்பு இருந்தா அதுவும் இதயத்தை இறுக வைக்கும், சுகர்காரங்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமலும் அடைப்பு இருக்கும். என்ன காரணத்துக்காக எடுக்கணும், எடுத்து என்ன செய்யப் போறோம், முதல்ல வேற டெஸ்ட் பாக்கலாமான்னு கேளுங்க, கேக்குறது உங்க உரிமை. வேற டாக்டர்கிட்ட கருத்து கேக்கணும்னா, சிகிச்சைக் குறிப்பை எழுத்துல கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும்னு 2002ல வந்த மருத்துவ கவுன்சில் விதியே இருக்கு. வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருந்தா முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல அட்டை எடுத்துருங்க, குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு, எந்த டெஸ்ட் அதுல வரும்னு ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுண்டர்லயே கேட்டுக்கலாம். பெரியாஸ்பத்திரியிலயும், அதான் அரசு ராஜாஜியில, இதய சிகிச்சைப் பிரிவு இருக்கு. பி.பி., சுகர் மாத்திரை மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வருது, அம்மா தனியா இருக்காங்கல்ல, ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல பதிஞ்சு வைங்க.

நடக்க விடுங்க, படுக்கப் போட்டுராதீங்க. நுரையீரல்ல நீர் வத்தி மூச்சு சீரானதும் சமதரையில, காலை வெயிலுக்கு முன்னாடி, பேசிக்கிட்டே நடக்க முடியுற வேகத்துல பத்து நிமிஷத்துல ஆரம்பிக்கட்டும். கெண்டைக்கால் சதை அமுங்க அமுங்கத்தான் கால் ரத்தம் மேல ஏறும், இதயத்துக்கு அது பெரிய உதவி.

அழகர் விஷயம். ராத்திரி பூரா வைகைக் கரையில கூட்டத்துல நிக்கிறது இந்த வருஷம் வேண்டாம்மா. மணிக்கணக்கா நின்னா ரத்தம் கால்லயே தங்கிரும், நெரிசல், வேர்வை, நீர் மாத்திரை, வெளிய போக எடமில்ல, மயங்கி விழுந்தா தூக்கிட்டு வரக்கூட வழி இருக்காது. அழகர் வர்ற வழியில, புதூர் பக்கமோ தல்லாகுளம் பக்கமோ, தெரிஞ்சவங்க வீடு இருந்தா திண்ணையில சேர் போட்டு உக்கார வச்சுக் காட்டுங்க. அதுவும் அதுக்கு முந்தின வாரம் மூச்சு நல்லா இருந்தாத்தான்.

எப்போ உடனே கெளம்பணும்

ஒரு எடை மெஷின் வாங்கி வைங்க. காலையில எந்திரிச்சு ஒண்ணுக்குப் போயிட்டு வந்து, காப்பி குடிக்குமுன்ன, தினமும் ஒரே மாதிரி சேலையில ஏறி நின்னு கேலண்டர்லயே எழுதி வைக்கட்டும். 3 நாள்ல 2 கிலோ ஏறுனா அது சதை இல்ல, தண்ணி. அன்னைக்கே டாக்டருக்கு போன் பண்ணுங்க, வீங்குற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். முழங்காலுக்குக் கீழ எலும்பு மேல கட்டைவிரலால அமுக்கி அஞ்சு செகண்டு வச்சு எடுத்தா குழி விழுந்து நிக்குதான்னும் பாத்துக்கோங்க. அதே மாதிரி எடை குறைஞ்சுக்கிட்டே வந்து, எந்திரிச்சா தலை சுத்துதுன்னா நீர் மாத்திரை கூடிப்போச்சுன்னு அர்த்தம், அதுக்கும் போன் பண்ணணும். நீர் மாத்திரை ஓடுற வரைக்கும் ரத்தப் பரிசோதனையில கிரியாட்டினினும் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுறது) பொட்டாசியமும் அப்பப்போ பாத்துக்கணும்.

உக்காந்திருக்கும்போதே மூச்சு முட்டுது, நுரை நுரையா சளி வருது, நெஞ்சு அமுக்குது, உதடு நீலம் பாயுது, மயக்கம் வருது, இதுல எது வந்தாலும் விடியட்டும்னு இருக்காதீங்க, பக்கத்து வீட்டுக்காரங்ககிட்டயும் இதைச் சொல்லி வைங்க, 108ஐக் கூப்பிடச் சொல்லுங்க. வண்டி வர்ற வரைக்கும், நினைவோட இருந்தா, அம்மாவைப் படுக்க வைக்காம கட்டில் ஓரத்துல நிமிர்த்தி உக்கார வச்சு காலைக் கீழ தொங்கப் போடுங்க, கால்ல ரத்தம் கொஞ்சம் தங்குனா நுரையீரலுக்கு அந்த அளவுக்குப் பாரம் குறையும். மயங்கிட்டா மட்டும் உக்கார வைக்க முயற்சி பண்ணாதீங்க, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. மூச்சே இல்லைன்னா 108ல சொல்ற மாதிரி நெஞ்சை அமுக்க ஆரம்பிச்சுருங்க.